உத்தரவாதத்தில் திருத்திய புதிய இறைப்பு மிசின் திருந்தாமலே திரும்பி வந்தால்

புதிதாக வாங்கிய நீரிறைக்கும் இயந்திரம் பழுதாவது ஒரு துன்பம். அது உத்தரவாதத்தின் பேரில் கொழும்புக்குப் போய், மூன்று கிழமை அங்கே கிடந்து, "திருத்தியாச்சு" என்ற சொல்லோடு அதே பழுதைச் சுமந்துகொண்டு திரும்பி வருவது அதைவிடப் பெரிய துன்பம். யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் எங்களுக்கு நான்கு பரப்புத் தோட்டக்காணி உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசி மாதத்தில், வெங்காயம் நட்ட கையோடு இரண்டு அங்குல பெற்றோல் மிசின் ஒன்றை ஒரு வருட உத்தரவாதத்துடன் வாங்கினேன். முதல் மூன்று கிழமை அது நான்கு பரப்பையும் மூன்று மணித்தியாலத்தில் இறைத்து முடித்தது. பிறகு அதே வேலைக்கு ஆறு மணித்தியாலம் தேவைப்பட்டது, பெற்றோலும் இரட்டிப்பாகியது. கடைக்காரர் அதைக் கம்பனியின் கொழும்பு முகவரின் வேலைத்தளத்துக்கு அனுப்பினார். 23 நாள் கழித்து வந்த மிசினுடன் இருந்த சீட்டில் "பரிசோதிக்கப்பட்டது, இயங்குகிறது" என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருந்தன. அது இயங்கியது உண்மை, ஆனால் தண்ணீர்தான் பாதியாக வந்தது.

அந்த மிசினுக்கு முறையான தீர்வு கிடைக்க நான் எடுத்துக்கொண்ட நாட்களை இன்னொருவர் வீணாக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இங்கே சொல்லப்படுபவை இறைப்பு மிசினை மனதில் வைத்து எழுதப்பட்டவை என்றாலும், புல்வெட்டி, மின்பிறப்பாக்கி, தையல் இயந்திரம் போன்றவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும். இவற்றில் மிக முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருத்தம் சரியில்லை என்று வாதாடி எந்தக் கம்பனியையும் அசைக்க முடியாது. திருத்துவதற்கு முன் இவ்வளவு, திருத்திய பின் இவ்வளவு, நல்ல மிசின் என்றால் இவ்வளவு என்று மூன்று இலக்கங்களைத் திகதியுடன் எழுதி முன்னே வைத்தால், மறுமொழி சொல்லாமல் அவர்களால் இருக்க முடியாது.

பழுதை இலக்கமாக்குதல்

"தண்ணீர் குறைவாக வருகிறது" என்பது முறைப்பாடு அல்ல, மனக்குறை மட்டுமே. வேலைத்தளத்தில் இருப்பவர் மிசினை ஒரு தண்ணீர்த் தொட்டியின் அருகே வைத்து, மூன்றடி உயரத்துக்கு உறிஞ்சவிட்டு, நன்றாகத்தானே வருகிறது என்று கட்டி அனுப்பிவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை, ஏனென்றால் மூன்றடியில் எந்த மிசினும் நன்றாகவே இறைக்கும். பழுது தெரிவது உங்கள் கிணற்றின் ஆழத்தில்தான்.

ஆகவே, முதலில் நீர்மட்டத்தை அளந்துகொள்ளுங்கள். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, மிசின் நிற்கும் மட்டத்திலிருந்து தண்ணீர் வரைக்கும் எத்தனை அடி என்று அளந்து, திகதியுடன் எழுதிக்கொள்ளுங்கள். காலையில், இறைப்பதற்கு முன், ஒருமுறையும் இறைத்து ஒரு மணித்தியாலம் கழிந்த பின் இன்னொருமுறையும் அளப்பது நல்லது. ஏனென்றால் சித்திரை, வைகாசியில் எங்கள் கிணறுகளில் இறைக்க இறைக்க மட்டம் இறங்கும், ஊற்று அதை மெதுவாகவே நிரப்பும். மேலே நிற்கும் எந்த மிசினும் தண்ணீரை இழுத்து எடுப்பதில்லை. அது குழாயினுள் வெற்றிடத்தை உண்டாக்க, கிணற்று நீரை மேலே தள்ளுவது வெளியிலுள்ள காற்றின் அழுத்தமே. கணக்குப்படி அந்த அழுத்தம் ஏறத்தாழ 10 மீற்றர், அதாவது 33 அடி வரைக்கும் நீரைத் தூக்க வல்லது. நடைமுறையில் நல்ல மிசினும் 7 அல்லது 8 மீற்றருக்கு மேல் திணறும். உங்கள் மட்டம் 25 அடியைத் தாண்டியிருந்தால் குறை மிசினில் இல்லாமலும் இருக்கலாம். என்னுடைய கிணற்றில் அது 14 அடியாகவே இருந்தது.

அடுத்தது பரல் சோதனை. 200 லீற்றர் பரல் ஒன்றை வாய்க்காலின் தலைப்பில் நிறுத்தி, மிசின் முழு வேகத்தில் ஐந்து நிமிடம் ஓடிய பிறகு குழாயைப் பரலுக்குள் திருப்பி, நிரம்ப எத்தனை செக்கன் எடுக்கிறது என்று கைத்தொலைபேசியில் நேரம் பாருங்கள். மூன்று தடவை செய்து மூன்றையும் எழுதுங்கள், சராசரி மட்டும் போதாது. என்னுடைய மிசின் 70 செக்கன் எடுத்தது, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 லீற்றர். இது குறைவா, சரியா என்று எப்படிச் சொல்வது? கையேட்டில் அச்சிட்டிருக்கும் அளவு உறிஞ்சும் உயரமோ தூக்கும் உயரமோ இல்லாத நிலையில் கிடைக்கும் ஆகக்கூடிய அளவு என்பதால் அதைக் காட்டி வாதாட முடியாது. அயலில் ஒருவரிடம் அதே கம்பனியின் அதே வகை மிசின் இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, என்னுடைய கிணற்றில், என்னுடைய குழாய்களையே பூட்டி ஓட்டினேன். அது அதே பரலை 28 செக்கனில் நிரப்பியது. கிணறும் குழாயும் பரலும் ஒன்றாக இருக்க, மிசின் மட்டும் மாறியபோது 70 என்பது 28 ஆகிவிட்டது. என்னிடமிருந்த ஆதாரங்கள் அனைத்திலும் வலுவானது இந்த ஒரு காலைநேரத்துச் சோதனைதான். இதை வாங்கிய முதல் நாளே செய்து, உத்தரவாத அட்டையின் பின்புறத்தில் குறித்து வைத்திருந்தால் அயலவரின் மிசினைத் தேடிப் போக வேண்டியிருந்திருக்காது. புதிய மிசினை வீட்டுக்குக் கொண்டுவந்த எவரும் அன்றே அந்த ஐந்து நிமிட வேலையைச் செய்துவிட வேண்டும்.

வேறு வகைப் பழுதுகளுக்கும் இதே முறைதான். மிசின் பற்றுவதில் சிக்கல் என்றால், குளிர்ந்த நிலையில் எத்தனை இழுப்பு, சூடான நிலையில் எத்தனை இழுப்பு என்று ஒரு கிழமைக்கு எழுதுங்கள். எஞ்சினுக்கும் பம்புக்கும் இடையில் தண்ணீர் சொட்டினால், கீழே ஒரு கிண்ணத்தை வைத்து பத்து நிமிடத்தில் எவ்வளவு சேர்கிறது என்று பாருங்கள். பெற்றோலில் பற்றவைத்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் மிசின், மாற்றியதும் நின்றுபோனால், எத்தனை நிமிடம் சூடேறிய பின் மாற்றினீர்கள், மாற்றி எத்தனை நிமிடத்தில் நின்றது என்று குறியுங்கள்.

கிணற்றையும் குழாயையும் சந்தேகத்திலிருந்து விலக்குதல்

கம்பனி முதலில் குற்றஞ்சாட்டுவது உங்கள் குழாயைத்தான். அது நியாயமும்கூட, ஏனென்றால் இறைப்புக் குறைபாடுகளில் பெரும்பங்கு உறிஞ்சு குழாயின் பக்கத்திலேயே இருக்கும். ஆகவே அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே பார்த்துவிடுங்கள். தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கக் குழாயின் அடியிலுள்ள புட்வால்வில் இலையோ கயிற்றுத் துண்டோ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். உறிஞ்சு குழாயை மிசினிலிருந்து விடுவித்து, அதன் மேல்வாயில் தண்ணீரை நிரப்பிக் கால் மணித்தியாலம் விடுங்கள். மட்டம் இறங்கினால் புட்வால்வு ஒழுகுகிறது. ஓடும்போது குழாய் சப்பையாக உள்ளொடுங்குகிறதா, பூட்டின் வோசர் வெடித்திருக்கிறதா, இறுக்கும் கிளிப் தளர்ந்திருக்கிறதா என்பவற்றையும் பாருங்கள். அயலவரின் நல்ல மிசின் அதே குழாயில் சரியாக இறைத்தால் இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் ஒரே அடியில் விடை கிடைத்துவிடும்.

இன்னொரு சாட்டும் வரும்: "யாழ்ப்பாணத்துத் தண்ணி கல்சியம் கூடினது, அதுதான் மிசினைக் கெடுக்குது." எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லினூடாக ஊறி வருவதால் அது கடினமான நீர் என்பதும், கேத்தலின் அடியில் படிவதுபோல் பம்புக்குள்ளும் நாளடைவில் படியும் என்பதும் உண்மையே. ஆனால் அந்தப் படிவு ஆண்டுக்கணக்கில் சேர்வது. மூன்று கிழமையில் இறைப்பைப் பாதியாகக் குறைக்கும் அளவுக்கு அது படியாது. மேலும் யாழ்ப்பாணத்தில் விற்பதற்கென்றே கொண்டுவந்த மிசினுக்கு யாழ்ப்பாணத்துத் தண்ணீர் ஆகாது என்று விற்ற பிறகு சொல்வதை நாம் ஏற்றுக்கொள்ளக்கூடாது. கரையோரத்து உவர்க் கிணறுகளில் உலோகம் அரிப்பது வேறு விடயம், அப்படிப்பட்ட கிணறு என்றால் அதை வாங்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

என்னுடைய மிசினின் நோயைக் கண்டுபிடித்தவர் உரும்பிராயில் நாற்பது வருடமாக மிசின் திருத்தும் ஓர் ஐயா. பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்டுவிட்டு, "தம்பி, மிசின் தண்ணியோட காத்தையும் சேர்த்துக் குடிக்குது" என்றார். குழாய்ப் பூட்டைச் சுற்றியும், பின்னர் பம்பின் முன்மூடியைச் சுற்றியும் கிறீசைத் தடிப்பாகப் பூசினார். மூடியில் ஓரிடத்தில் பூசியதும் பரல் 70 செக்கனிலிருந்து 40 செக்கனுக்கு வந்தது. வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை இருக்கிறது என்பது அவருடைய முடிவு. அவர் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை, தொட வேண்டாம் என்று எனக்கும் சொன்னார். உத்தரவாதக் காலத்தில் வெளியார் எவரும் மிசினைக் கழற்றக்கூடாது. கழற்றிய தடம் தெரிந்தால் உங்கள் பக்கத்து நியாயம் முழுவதும் அந்த ஒரு காரணத்தாலேயே அடிபட்டுப் போகும். வெளியே பூசிப் பார்ப்பதற்கும் கேட்டுப் பார்ப்பதற்கும் தடையில்லை.

உத்தரவாத அட்டை

அட்டையில் உற்றுப் பார்க்க வேண்டியவை சில. உத்தரவாதம் தருபவர் கடைக்காரரா, இலங்கை முகவரா, வெளிநாட்டு உற்பத்தியாளரா என்று பாருங்கள். கனடாவிலிருந்தோ துபாயிலிருந்தோ உறவினர் கொண்டுவந்து தந்த மிசினுக்கு இங்குள்ள முகவர் பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை. எவை விலக்கப்பட்டுள்ளன என்று பாருங்கள். பிளக், வடி, வோசர் போன்று தேய்ந்துபோகும் பாகங்களை வழமையாக விலக்கியிருப்பார்கள், பம்பின் உடலை விலக்கியிருக்க மாட்டார்கள். சேவைக் கடமைகளையும் பாருங்கள். இந்த வகை சிறிய எஞ்சின்களுக்கு முதல் ஓயிலை 20 மணித்தியாலம் ஓடியதும் மாற்றும்படி கையேடுகள் கூறுவது வழக்கம். எங்கள் தோட்டங்களில் அது இரண்டு மூன்று கிழமையிலேயே வந்துவிடும். மாற்றினீர்கள் என்பதற்கு ஓயில் வாங்கிய சிட்டையை வைத்திருங்கள். சிட்டையின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சிட்டிருந்தாலும் மனந்தளர வேண்டாம். உத்தரவாதம் என்று எழுத்தில் கொடுத்த வாக்கை அந்த ஒரு வரி அழித்துவிடாது.

ஒப்படைக்கும் நாள்

நான் முதல் தடவை செய்த பிழை, மிசினை முச்சக்கரவண்டியில் ஏற்றிக் கடையில் இறக்கிவிட்டு, வாயால் பழுதைச் சொல்லிவிட்டு வந்ததுதான். கடைக்காரர் அதை வேலைத்தளத்துக்குத் தன்னுடைய சொற்களில் எழுதி அனுப்பினார், அந்தச் சொற்கள் "மிசின் சரியாக வேலை செய்யவில்லை" என்பவை. அங்கே அதை இழுத்துப் பற்றவைத்தவர் அது வேலை செய்வதைக் கண்டு திருப்பி அனுப்பியதில் வியப்பில்லை.

இரண்டாம் தடவை ஒரு தாளில் பழுதை நானே எழுதினேன். காரணத்தை எழுதாமல் அறிகுறியை எழுதுவதே முறை. "வார்ப்பில் துளை இருக்கிறது" என்று எழுதினால், துளை இல்லை என்று ஒரு வரியில் மறுத்துவிட்டு மிசினைத் திருப்பிவிடலாம். "14 அடி நீர்மட்டத்தில் 200 லீற்றருக்கு 70 செக்கன், அதே வகை வேறு மிசின் அதே இடத்தில் 28 செக்கன்" என்று எழுதினால் அந்த இலக்கம் மாறும்வரை பழுது இருக்கிறது என்றே பொருள். ஐயாவின் சந்தேகத்தை அடியில் தனி வரியாக, "கவனத்துக்கு" என்று மட்டும் சேர்த்தேன். தாளின் இரண்டு பிரதிகளிலும் கடையின் முத்திரையும் கையொப்பமும் திகதியும் வாங்கி, ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். கடைக்காரர் ஆரம்பத்தில் தயங்கினார். "அண்ணை, உங்களுக்கும் இது பாதுகாப்புத்தானே, கொழும்பில கேட்டா நீங்களும் காட்டலாம்" என்று சொன்னபோது கையொப்பமிட்டார். கடைக்காரரை எதிரியாக்குவது தேவையற்றது. அவர் பல வேளைகளில் உங்களுக்கும் முகவருக்கும் நடுவில் அகப்பட்டவர்.

ஒப்படைக்கும் முன் எஞ்சின் இலக்கம் தெரியும்படி நான்கு பக்கமும் படமெடுங்கள். உடன் கொடுக்கும் துணைப்பாகங்களை எழுதுங்கள், தேவையற்ற குழாய்களைக் கொடுக்காதீர்கள். லொறியிலோ பேருந்திலோ போவதானால் பெற்றோலையும் ஓயிலையும் முற்றாக வடித்துவிடுங்கள், அது உயிருக்கே ஆபத்தான விடயம். ஓயில் வடிக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு துண்டில் எழுதி இழுகயிற்றின் பிடியில் கட்டிவிடுவதும் அவசியம், இல்லையேல் அங்கே ஓயிலில்லாமல் ஓட்டிப் புதிய பழுதை உண்டாக்கிவிடுவார்கள்.

மற்றொன்றும் செய்தேன். பம்பின் முன்மூடியை இறுக்கும் திருகாணிகளின் தலையிலிருந்து வார்ப்புவரை குறுக்கே, வீட்டிலிருந்த நகப்பூச்சால் மெல்லிய கோடு ஒன்று இழுத்து, அதையும் படமெடுத்தேன். திருகாணி திரும்பினால் கோடு உடையும். உத்தரவாதத்தில் போன மிசின் உண்மையில் திறந்து பார்க்கப்பட்டதா என்பதை அறிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. இதை ஒளித்துச் செய்ய வேண்டியதில்லை, கேட்டால் சொல்லிவிடலாம்.

திரும்பி வந்த அன்று

மிசின் வந்துவிட்டது என்று தொலைபேசி வந்ததும் ஓடிப்போய்க் கையொப்பமிட்டு எடுத்துவரும் அவசரம் எல்லோருக்கும் இருக்கும், பயிர் வாடும்போது அது இன்னும் கூடும். ஆனால் "திருப்திகரமாகப் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சிட்ட இடத்தில் அப்படியே கையொப்பமிட வேண்டாம். "ஓட்டிப் பார்க்காமல் பெற்றுக்கொண்டேன்" என்று கையால் எழுதி, அதன் கீழ் ஒப்பமிடுங்கள். என்ன செய்தார்கள், எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்று வேலைச்சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள், மாற்றிய பழைய பாகத்தையும் கேளுங்கள். சில கம்பனிகள் பழைய பாகத்தை வைத்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் அதைப் பார்த்துப் படமெடுக்கவாவது அனுமதி கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அதே கிணறு, அதே குழாய், அதே பரல். அன்றே அளந்துவிடுங்கள், மறுநாளைக்கு விடாதீர்கள். என்னுடைய மிசின் இரண்டாம் தடவையும் திருந்தவில்லை: 64 செக்கன். நகப்பூச்சுக் கோடுகளும் உடையாமல் அப்படியே இருந்தன. வேலைச்சீட்டிலோ "பம்ப் பகுதி கழற்றிப் பரிசோதிக்கப்பட்டது" என்றிருந்தது. அந்தக் கணத்தில் எனக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. கூப்பிட்டுத் திட்டாமல், அயலவர் இருவரை வைத்து மறுபடி அளந்து, நீர்மட்டத்திலிருந்து பரல் நிரம்பும்வரை வெட்டாமல் ஒரே காணொளியாக எடுத்து, அதன் பிறகு கடிதம் எழுத அமர்ந்தேன்.

கடிதம்

கடிதம் முகவரின் தலைமைக் காரியாலயத்துக்குப் போக வேண்டும், பிரதி கடைக்குப் போக வேண்டும், பதிவுத் தபாலில் போக வேண்டும். தபால் சிட்டையை உத்தரவாத அட்டையுடன் சேர்த்துக் குத்திவைக்க வேண்டும். அரச அலுவலகங்களுடன் தமிழில் எழுதித் தமிழில் மறுமொழி பெறும் உரிமையை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் எங்களுக்குத் தந்திருக்கிறது. தனியார் கம்பனிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே தமிழில் எழுதி ஆங்கில மொழிபெயர்ப்பொன்றை இணைத்துவிட்டால், விளங்கவில்லை என்ற காரணத்தால் நாட்கள் கடக்காது. கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. பயிர் வாடியதையும் மனம் நொந்ததையும் எழுதினால் முக்கியமான இலக்கங்கள் அவற்றுக்குள் அமிழ்ந்துவிடும். நான் எழுதியதன் சாரம் இது:

"ஐயா, இன்ன திகதியில் இன்ன சிட்டை இலக்கத்தின்படி தங்கள் இன்ன வகை நீரிறைக்கும் இயந்திரத்தை வாங்கினேன், எஞ்சின் இலக்கம் இது. 14 அடி நீர்மட்டத்தில் 200 லீற்றர் நிரம்ப 70 செக்கன் எடுத்தது. அதே வகையைச் சேர்ந்த வேறோர் இயந்திரம் அதே இடத்தில் 28 செக்கன் எடுத்தது. இரண்டு தடவை உத்தரவாதத்தின் கீழ்த் தங்கள் வேலைத்தளத்துக்கு அனுப்பப்பட்டு, மொத்தம் 41 நாள் அங்கே இருந்தது. இரண்டாம் தடவை திரும்பிய அன்று அளந்தபோது 64 செக்கன் எடுத்தது. முன்மூடியின் திருகாணிகள் திறக்கப்படவில்லை என்பதைக் காட்டும் படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. ஆகவே பம்பின் பகுதியை முழுமையாக மாற்றித் தரும்படியோ, அல்லது புதிய இயந்திரம் தரும்படியோ கேட்டுக்கொள்கிறேன். திருத்தத்தின் பின் அதே நீர்மட்டத்தில் 200 லீற்றர் 32 செக்கனுக்குள் நிரம்ப வேண்டும் என்பதே எனது எதிர்பார்ப்பு. இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் மறுமொழி எதிர்பார்க்கிறேன். கிடைக்காவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவேன்."

இதில் கவனிக்க வேண்டியது, எது நடந்தால் நான் திருப்தியடைவேன் என்பதை முன்கூட்டியே இலக்கமாகச் சொன்னதுதான். "சரியாகத் திருத்தித் தாருங்கள்" என்று மட்டும் கேட்டிருந்தால் மூன்றாம் தடவையும் அதே சீட்டு வந்திருக்கும். கேட்பதும் நியாயமாக இருக்க வேண்டும். 28 செக்கன் வந்த இடத்தில் 32 என்று விட்டுக்கொடுத்துக் கேட்டதால் மறுப்பதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை. தவணை முறையில் வாங்கியவர்கள் கோபத்தில் தவணையை நிறுத்திவிட வேண்டாம். கடன் தந்த நிறுவனம் வேறு, உத்தரவாதம் தந்தவர் வேறு. தவணை தவறினால் குற்றம் உங்கள் பக்கம் வந்துவிடும்.

மறுமொழி வராவிட்டால்

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு, கொடுக்கப்பட்ட உத்தரவாதத்துக்கு ஏற்ப இல்லாத பொருளின் உற்பத்தி அல்லது விற்பனை பற்றி முறையிட எவருக்கும் இடமளிக்கிறது. விசாரணையின் பின் பாவனையாளருக்கு இழப்பு ஏற்பட்டிருப்பதாகச் சபை கருதினால், நட்டஈடு கொடுக்கும்படியோ, பொருளை மாற்றிக் கொடுக்கும்படியோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படியோ உற்பத்தியாளருக்கோ வியாபாரிக்கோ கட்டளையிட அதற்கு அதிகாரம் உண்டு. திருத்தம் போன்ற சேவைகள் தக்க கவனத்துடனும் திறமையுடனும் செய்யப்பட வேண்டும் என்பதையும் அதே சட்டம் சேவை வழங்குபவரின் மறைமுக உத்தரவாதமாக, அதாவது எழுதாவிட்டாலும் கொடுத்த வாக்காகக் கொள்கிறது. திறக்காமலே திறந்ததாக எழுதிய திருத்தம் அந்த அளவுகோலுக்கு எங்கே நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. அட்டையே இல்லாத பொருளுக்கும் 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் தரம், பொருத்தம் பற்றிய சில மறைமுக நிபந்தனைகளை வைத்திருக்கிறது, ஆனால் அது நீதிமன்றத்தில் பேச வேண்டிய விடயம்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். விற்பனை அல்லது சேவை நடந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. மிசின் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் அலையும் நாட்களும் இந்தக் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். உத்தரவாதம் ஒரு வருடம் இருக்கிறதே என்று பொறுத்திருந்து, நான்காம் மாதத்தில் கடிதம் தூக்கிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். முதல் திருத்தம் பிழைத்த அன்றே, வாங்கிய நாளிலிருந்தும் திருத்திய நாளிலிருந்தும் மூன்று மாதத்தை எண்ணி நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

முறைப்பாட்டை யாழ்ப்பாணம் கச்சேரியிலுள்ள (மாவட்டச் செயலகம்) அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் கொடுக்கலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விடயத்தைச் சொல்லலாம், ஆயினும் எழுத்து எழுத்துத்தான். சிட்டை, அட்டை, முத்திரை வாங்கிய பழுதுத் தாள், வேலைச்சீட்டுகள், அளவுகள், கடிதமும் பதிவுத் தபால் சிட்டையும் என்று எல்லாவற்றையும் திகதி ஒழுங்கில் அடுக்கி, முதலில் ஒரு பக்கத்தில் நடந்ததை வரிசையாக எழுதி வையுங்கள். மூலப் பிரதிகளை ஒருபோதும் கொடுக்காதீர்கள். விசாரணைக்கு அழைத்தால் நேரே போங்கள், அங்கே மறுதரப்பு வாராமலிருப்பதும் உண்டு, நீங்கள் வாராமலிருந்தால் முறைப்பாடு தளர்ந்துவிடும்.

மற்றொரு வழி மத்தியஸ்த சபை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இச்சபைகளில் சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை. இரு தரப்பையும் இருத்திப் பேசவைத்து இணக்கம் காண்பதே அவற்றின் வேலை. உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரித்தால் எங்கே, எந்த நாளில் கூடுகிறது என்று சொல்வார்கள். உங்கள் பிணக்கு உள்ளூர்க் கடைக்காரருடன் மட்டும் என்றால் இது மிக நல்ல வழி, நாளை அதே கடைக்குத்தான் குழாய் வாங்கப் போக வேண்டியிருக்கும். கொழும்பிலிருக்கும் முகவர் என்றால் அதிகார சபையே ஏற்றது என்பது என் அனுபவம்.

என்னுடைய விடயத்தில் அதிகார சபைவரை போகத் தேவை ஏற்படவில்லை. கடிதம் போய் ஒன்பதாம் நாள் முகவரின் பொறியியலாளர் ஒருவர் தொலைபேசியில் பேசினார், காணொளியை அனுப்பச் சொன்னார், அடுத்த கிழமை ஒரு தொழில்நுட்பவியலாளர் புதிய பம்புத் தலையுடன் தோட்டத்துக்கே வந்தார். கழற்றிய முன்மூடியை அவர் தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தி, பின்பக்கத்தைக் கையால் அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்தபோது ஓரத்தில் சிறு குமிழிகள் ஏறின. ஐயா விரல் வைத்த அதே இடம். புதிய தலையைப் பூட்டியதும் பரலை நிறுத்தினோம். 29 செக்கன்.

அவர் போகும் முன் நான் கேட்டு வாங்கியவை இரண்டு. மாற்றிய பாகத்தின் பெயரும் திகதியும் 29 செக்கன் என்ற அளவும் வேலைச்சீட்டில் எழுதப்பட்டன. மிசின் கையில் இல்லாதிருந்த 41 நாளையும் உத்தரவாதக் காலத்துடன் கூட்டி, அட்டையில் புதிய முடிவுத் திகதி போட்டு முத்திரை வைக்கப்பட்டது. இந்த நீடிப்பு தானாக வருவதில்லை. கேட்டால்தான் கிடைக்கும், அதுவும் திருத்த வந்தவர் தோட்டத்தில் நிற்கும்போதே கேட்டுவிட வேண்டும்.